மேசையில் இருபத்தைந்து வாட்

அவரை எல்லாரும் ரீடிங் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. படகுத்துறையில் ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர். யார் எதைச் சொன்னாலும் "ரீடிங் என்ன?" என்று கேட்பது அவர் வழக்கம். மகளுக்கு உடம்பு சுடுகிறது என்று மனைவி தொலைபேசியில் சொன்னபோதும் முதலில் அதைத்தான் கேட்டார். கல்யாணமான புதிதில், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்ட மனைவியிடம், இன்னும் நாலு நாள் சாப்பிட்டால்தான் சராசரி சொல்ல முடியும் என்று பதில் சொன்னதாகத் துறையில் ஒரு கதை உலவியது. கதை பொய். ஆனால் அவர் அதை மறுத்ததில்லை. மறுக்கத் தன்னிடம் ஆதாரம் இல்லை என்று நினைத்திருக்கலாம்.

ஊர் ஒரு கழிமுகத்தின் இரண்டு கரைகளிலும் பரவியிருந்தது. நடுவே ஆறு கிலோமீட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீரின் மத்தியில், கடலிலிருந்து வரும் சரக்குக் கப்பல்களுக்காக ஆழப்படுத்திய பாதை. ஆறு பயணிகள் படகுகள் காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்தன. ஒவ்வொரு படகும் கயிற்றை அவிழ்க்கும்போது ஒருமுறை, கப்பல் பாதையை எட்டும் முன் ஒருமுறை, கரை சேர்ந்ததும் ஒருமுறை என்று கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். பாதையில் கப்பல் இல்லை என்று அறை பதில் சொன்ன பிறகுதான் படகு குறுக்கே போகலாம். படகோட்டி பேசியது அறைக்குக் கேட்கவில்லை என்றால், கேட்கும்வரை படகு தண்ணீரில் நிற்கும். விதி அப்படி.

கட்டுப்பாட்டு அறை டிக்கெட் கட்டடத்தின் மாடியில் இருந்தது. ரீடிங்கின் பட்டறை அதே கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில். நிமிர்ந்து நிற்க முடிந்த இடம் கதவருகே மட்டும்தான். ஒரு மேசை, பேட்டரி, முள் ஓடும் வாட் மீட்டர், பக்கத்தில் டம்மி என்று சொல்லப்படும் ஓர் உலோகப் பெட்டி. ஆன்டெனாவுக்குப் பதிலாக அந்தப் பெட்டியை ரேடியோவில் மாட்டினால், ரேடியோ அனுப்பும் சக்தி முழுவதையும் அது வாங்கிக்கொண்டு மெல்லச் சூடாகும். வெளியே யாருக்கும் எதுவும் கேட்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படகின் ரேடியோவையும் திருகு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவருவார். டம்மியை மாட்டிப் பேச்சுப் பொத்தானை அழுத்துவார். முள் முழுச் சக்தியான இருபத்தைந்து வாட்டுக்கு ஏறும். படிவத்தில் "சக்தி" என்ற கட்டத்தில் 25 என்று எழுதிக் கையெழுத்திடுவார்.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு அவர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு படகுக்கே போய்க்கொண்டிருந்தார். படகு அரை மணி நேரம் சும்மா நின்றால் பயணிகள் வரிசை தெருவரைக்கும் போகிறது, ரேடியோவை மட்டும் கழற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள் என்று அப்போதிருந்த சூப்பிரண்டு சொன்னார். நியாயமான யோசனைதான். நியாயமான யோசனைகளை யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் பிறகு பத்து ஆண்டுகளில் இருநூற்று நாற்பது படிவங்கள் சேர்ந்தன. எல்லாவற்றிலும் இருபத்தைந்து, எப்போதாவது இருபத்து நான்கு.

மாடியில் மைக்கின் முன்னால் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். ரீடிங்குக்கு இந்த வேலை கிடைத்ததே அந்த மைத்துனர் மேலிடத்தில் போய்ச் சொன்னதால்தான். அவருடைய பணி நிறைவு விழாவில் இப்போதைய சூப்பிரண்டு பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்தப் பதிவேட்டில் "கேட்கவில்லை" என்ற சொல் ஒருமுறைகூட இல்லை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வானொலிப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேறு எதையும் யோசிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

மறுநாள் அந்த நாற்காலிக்கு வந்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண். குடிநீர் அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள் தொலைபேசிப் புகார் பிரிவில் இருந்தவர். ஊரின் கோபத்தையெல்லாம் காதில் வாங்கி எழுதிப் பழகியவர். மூன்று மாதம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. விழாவுக்கு முன்பே இரண்டு மாதம் கணக்குப் பிரிவில் உட்கார்த்தி வைத்திருந்து, மூன்றாவது மாதம் மைக்கின் முன்னால் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த மூன்று வாரத்தில் பதிவேட்டில் நாற்பத்தொரு இடத்தில் "கேட்கவில்லை" என்று எழுதினார்.

நாற்பத்தொரு முறை ஏதோ ஒரு படகு நடுத்தண்ணீரில் நின்றது. பயணிகள் படகோட்டிகளைத் திட்டினார்கள். படகோட்டிகள் யாரைத் திட்டுவது என்று அதிக நேரம் யோசிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் ரேடியோ பெரியது, அதன் ஆன்டெனா கட்டடத்தின் உச்சியில் இருந்தது, ஆகவே அறை பேசுவது படகுகளுக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் நம்பர் படகை ஓட்டுபவர் டிக்கெட் ஜன்னல் அருகே எல்லாருக்கும் சேர்த்து வழக்கை முடித்துவைத்தார்.

"நம்ம காதுக்கு அந்தம்மா கணீர்னு கேக்குது. அந்தம்மா காதுக்கு நாம கேக்கலையாம். கோளாறு எங்க இருக்குன்னு இதுக்கு மேல ஆராய்ச்சி வேணுமா?"

ஆறு பேரும் கையெழுத்திட்டு, ஆபரேட்டரை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். சூப்பிரண்டு நடைமுறை தெரிந்தவர். ஆறு ரேடியோக்களையும் சோதித்து வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தரும்படி ரீடிங்குக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ரேடியோக்களில் குறை இல்லை என்றால் அந்தப் பெண்ணை மாதக் கடைசியோடு அனுப்பிவிடுவதாக முடிவு. எல்லாருக்கும் இது தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ரீடிங் ஆறு ரேடியோக்களையும் மேசைக்குக் கொண்டுவந்தார். ஐந்தில் இருபத்தைந்து, ஒன்றில் இருபத்து நான்கு. பேட்டரியின் மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா, சக்தியைக் குறைத்து அனுப்பும் பொத்தானை யாராவது தெரியாமல் அழுத்தி வைத்திருக்கிறார்களா, மைக் வயர் நைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. புதன்கிழமை மதியம் அறிக்கையின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தார். "ஆறு ரேடியோக்களும் நல்ல நிலையில் உள்ளன." அதில் பொய் எதுவும் இல்லை.

அப்போது ஆபரேட்டர் பதிவேட்டோடு தலையைக் குனிந்துகொண்டு பட்டறைக்குள் வந்தார். அவருக்கு இடைவேளை பதினைந்து நிமிடம்.

"சார், நாப்பத்தொண்ணு எழுதியிருக்கேன். எல்லாமே ஒண்ணு, மூணு, நாலு, ஆறு. ரெண்டுலயும் அஞ்சுலயும் ஒண்ணுகூட இல்ல. என் காது ஆள் பாத்தா கேக்குது?"

படகோட்டிகளிடம் இதற்கும் விளக்கம் இருந்தது. ரீடிங் அதைச் சொன்னார். இரண்டாம் நம்பர் ஆளுக்குப் பெரிய தொண்டை, ரேடியோ இல்லாமலே அக்கரைக்குக் கேட்கும். ஐந்தாம் நம்பர் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர்.

"நிதானமாவா? அவர் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள படகு கரைக்கே வந்துடுது," என்றார் ஆபரேட்டர். "ஆனா கேக்குது."

எல்லா ரேடியோவும் இருபத்தைந்து காட்டுகிறது, தான் என்ன செய்ய முடியும் என்றார் ரீடிங். எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டார் ஆபரேட்டர். இங்கேதான், இந்த மேசையில் என்றார் ரீடிங்.

"மேசை பேசறதை நான் கேக்கலையே சார். படகு பேசறதைத்தான கேக்கறேன்."

அவர் கெஞ்சவில்லை. மணியைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். ரீடிங்குக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது அவருடைய கேள்வியாக இருந்தது. இப்போது குடிநீர்ப் புகார் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

மீட்டரைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நம்பர் படகுக்குப் போனார். மதியம் அது ஒரு மணி நேரம் கரையில் நிற்கும். ரேடியோவைப் பழைய இடத்தில் பொருத்தி, அதற்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவில் மீட்டரை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். இருபத்து நான்கு. ஆன்டெனாவிலோ கேபிளிலோ கோளாறு இருந்தால் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். மீட்டரைத் திருப்பி அதையும் பார்த்தார். திரும்பி வந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. புத்தகத்தில் போட்டுக் காட்டும் அளவுக்குச் சுத்தமான ரீடிங்.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அவரைச் சற்று நிறுத்தியது. கடற்காற்றில் இத்தனை ஆண்டுகள் கிடக்கும் கேபிளுக்கு இவ்வளவு சுத்தம் எப்படி வந்தது?

கேபிள் கூரை மேல் ஏறிப் பின்பக்கம் போய், கம்பத்தின் அடியில் ஒரு கனெக்டரில் முடிந்தது. ஆன்டெனா அங்கிருந்து மேலே. அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். கனெக்டரைச் சுற்றி ஒட்டுநாடா, ஒட்டுநாடாவின் மேல் வெள்ளைப் பெயின்ட், பெயின்ட்டின் மேல் மறுபடி ஒட்டுநாடா, மறுபடி பெயின்ட். கத்தியால் கீறிப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆனது. படகோட்டி கை கட்டி நின்று வேடிக்கை பார்த்தார். கேபிளின் இந்த முனையில் மீட்டரையும் டம்மியையும் மாட்டிவிட்டு, உள்ளே போய் மைக்கை அழுத்தும்படி அவரிடம் சொன்னார் ரீடிங்.

முள் இரண்டில் நின்றது.

மறுபடி அழுத்தச் சொன்னார். இரண்டு. படகோட்டி வெளியே எட்டிப் பார்த்து, "என்ன, தூங்குதா?" என்றார்.

ரேடியோவிலிருந்து இருபத்து நான்கு கிளம்புகிறது, கம்பத்தடிக்கு இரண்டு வந்து சேர்கிறது. கேபிளை ஒரு சாண் வெட்டினார். வெட்டிய வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. உள்ளே பளபளவென்று இருக்க வேண்டிய செம்புப் பின்னல் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. ஆண்டுதோறும் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க வருபவர்கள் கேபிளைக் கழற்றி, காயும்வரை இரண்டு நாள் வாய் திறந்தபடி தொங்க விட்டு, பிறகு மாட்டி நன்றாகச் சுற்றிவிட்டுப் போவார்கள். மழையும் பனியும் உள்ளே போன பிறகு வெளியே வர முடியாதபடி சுற்றியிருந்தார்கள். ரேடியோ அருகே மீட்டர் காட்டிய அளவு ஏன் சுத்தமாக இருந்தது என்பதும் இப்போது விளங்கியது. ஊறிப்போன கேபிள் போகும் சக்தியையும் விழுங்குகிறது, திரும்பி வருவதையும் விழுங்குகிறது. புகார் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

அன்று மாலைக்குள் ஆறு படகுகளையும் பார்த்துவிட்டார். ஒன்று, மூன்று, நான்கு, ஆறு: ஒன்றரை முதல் மூன்று வாட் வரை. இரண்டும் ஐந்தும் இருபதுக்கு மேல். அந்த இரண்டு படகுகளிலும் கேபிள் கம்பத்தின் உள்ளேயே ஓடியது, பெயின்ட்காரர்கள் தொட முடியாது. நாற்பத்தொரு "கேட்கவில்லை"யும் சரி என்று ஆயிற்று.

செம்பு மூன்று வாரத்தில் கரியாவதில்லை. அப்படியானால் மைத்துனருக்கு மட்டும் எப்படிக் கேட்டது? மாடிக்குப் போய் அறையின் ரேடியோவைப் பார்த்தார். பேச்சு இல்லாத நேரத்தில் இரைச்சலை அடக்கி வைக்க அதில் ஒரு குமிழ் உண்டு; மெலிந்து வரும் குரலையும் அது சேர்த்து அடக்கிவிடும். அது கையேட்டில் சொன்னபடி வெள்ளைக் கோட்டில் நின்றது. தான் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார் ஆபரேட்டர். ஆனால் குமிழைச் சுற்றியிருந்த தகட்டில் அழுக்கு வேறு கதை சொன்னது: நெடுங்காலம் குமிழின் முள் வேறோர் இடத்தில், முழுக்கத் திறந்த கடைசியில் நின்றிருந்த தடம். ரீடிங் அதை அங்கே திருப்பினார். அறை முழுவதும் இரைச்சல், தகரக் கூரையில் மழை மாதிரி. சற்றுப் பொறுத்து அந்த மழைக்கு அப்பால் ஒருவர் ஏதோ சொன்னது போல இருந்தது. நான்காம் நம்பராக இருக்கலாம். என்ன சொல்லப்போகிறார் என்று முன்பே தெரிந்திருந்தால் அதைத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"இதைக் கேட்டுக்கிட்டு ஒரு மனுஷன் நாள் முழுக்க உக்காந்திருந்தாரா?" என்றார் ஆபரேட்டர்.

ரீடிங் குமிழைக் கோட்டுக்குத் திருப்பிவிட்டு இறங்கினார்.

மறுநாள் மைத்துனர் வீட்டுக்கு மனைவியோடு போனபோது வெயில் இன்னும் இருந்தது. தொலைக்காட்சிச் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு அண்ணன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள் என்று மனைவியின் அண்ணி குறைப்பட்டுக்கொண்டு உள்ளே போனார். ரீடிங் சுற்றி வளைக்கவில்லை.

"மச்சான், மூணாம் நம்பர் உங்களுக்கு எப்படிக் கேட்டுது?"

"நல்லாத்தான் கேட்டுது."

"ரெண்டு வாட் வருது மச்சான். கம்பத்தடியில வச்சுப் பாத்தேன்."

மைத்துனர் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எட்டு பத்துக்கு அவன் கயிறு அவுப்பான். எட்டு இருபத்தஞ்சுக்குப் பாதைகிட்ட வருவான். ஜன்னல்ல பாத்தா படகு தெரியுது. மைக்கைப் பிடிச்சு வேற என்னத்தைச் சொல்லப் போறான்? பாட்டா பாடப் போறான்?"

பனிமூட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார் ரீடிங். அதற்கும் மைத்துனர் ஒரு வழி வைத்திருந்தார். பனி நாட்களில் அவரே ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டு, பாதைக்கு வந்தாயிற்று என்றால் பேசாமல் பொத்தானை மட்டும் இரண்டு முறை அழுத்தச் சொல்வார். குரல் வராவிட்டாலும், அழுத்தும்போது இரைச்சல் லேசாகத் தணியும். இரண்டு தணிவு வந்தால் ஆமாம். படகோட்டிகள் அதைப் பனிக்காலத்து விதி என்று நினைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றுக் கிளம்பும்போது குமிழை ஏன் வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பினீர்கள் என்று கேட்டதற்கு, அடுத்தவர் வந்து உட்காரும் இடம், வாங்கியது வாங்கியபடி ஒப்படைக்க வேண்டாமா என்றார்.

"கேக்கலேன்னு ஒரு தடவை எழுதியிருக்கலாம் மச்சான்."

"எழுதியிருக்கலாம். எழுதினா மேல இருந்து யாரைக் கூப்புடுவாங்க மாப்பிள்ளை? ரேடியோ பாக்கறவன் யாருன்னுதான் கேப்பாங்க. அப்ப தங்கச்சியைக் குடுத்து ரெண்டு வருஷம்கூட ஆகல. வேலைக்குச் சொல்லிவிட்டதும் நான்தான். பழகிப் போச்சு, அப்படியே ஓட்டிட்டேன்."

பத்து ஆண்டுகளாகத் தன் கையெழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது மேசை மேலிருந்த மீட்டர் என்று ரீடிங் நம்பியிருந்தார். அது ஒரு மனிதரின் காது என்று இப்போது தெரிகிறது. நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அண்ணி கொண்டுவந்த தேநீரைக் குடித்தார்.

திரும்பி வரும் வழியில் மனைவி, "அண்ணன் உங்களுக்காகத்தான் செஞ்சிருக்கு. அதை ஊர் முழுக்கச் சொல்லணுமா?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சொல்லலேன்னா அந்தம்மாவுக்கு வேலை போயிடுமா?" என்று அவளே கேட்டாள். கேபிளை மாற்றிவிட்டால் எல்லாம் கேட்கும், வேலை போகாது என்றார் ரீடிங். அப்போது அவர் அதை நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கையைக் கொடுத்தார். நான்கு படகுகளில் கேபிள் நீண்ட காலமாகக் கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும், ஆபரேட்டர் எழுதியவை சரி என்று எழுதியிருந்தார். மைத்துனரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சூப்பிரண்டு இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார்.

"நீண்ட காலமாகன்னு எதுக்கு? சமீபத்தில்னு போடுங்க. இருநூத்தி நாப்பது படிவத்துல உங்க கையெழுத்து இருக்கு. கீழ என் கையெழுத்தும் இருக்கு."

ஆபரேட்டர் விஷயம் என்ன ஆகும் என்று கேட்டார் ரீடிங். அதில் மாற்றம் இல்லை, மாதக் கடைசியோடு சரி என்றார் சூப்பிரண்டு. நல்லபடியாக ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பலாம் என்றார்.

"அந்தம்மா எழுதினதுதான் சரின்னு ஆயிடுச்சே சார்."

"சரிதான். ஆனா படகுக்காரங்க ஆறு பேரும் ஒரே பிடியா நிக்கறாங்க. இருபத்திரண்டு வருஷம் கேட்ட ரேடியோ, அந்தம்மா வந்த நேரம் நாலு ஒண்ணாக் கெட்டுப் போச்சுன்னு இப்பவே பேச்சு. அவங்களோட நான் தினம் மல்லுக்கட்ட முடியுமா?"

அறிக்கையைக் கையில் கொடுத்து, திருத்திக்கொண்டு மதியத்துக்குள் வரச் சொன்னார்.

ரீடிங் பட்டறையில் உட்கார்ந்தார். ஒரே ஒரு சொல். அதைப் போட்டால் இருநூற்று நாற்பது படிவங்களும் உண்மையாகிவிடும். மைத்துனரின் விழாவில் தட்டிய கைகளும் வீணாகாது. சூப்பிரண்டும் நிம்மதியாக இருப்பார். வீட்டில் யாரும் யாரோடும் முகம் திருப்ப வேண்டியதில்லை. இத்தனை பேருடைய நிம்மதியின் விலை ஒரு பெண் வந்த நேரம் சரியில்லை என்பது மட்டும்தான். நேரத்தை அளக்க மீட்டர் கிடையாது என்பதால் அதை யாரும் எப்போதும் சோதித்துப் பார்க்கவும் முடியாது. அவரைத் தொந்தரவு செய்தது இந்தக் கடைசி விஷயம்தான். கருணை என்று சொல்ல முடியாது. அவர் அந்தப் பெண்ணை அப்படியொன்றும் அறிந்தவர் அல்ல.

"நீண்ட காலமாக" என்பதும் அவருக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு நீண்ட காலம்? ரீடிங் என்ன? அதை அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் எழுதினார்: "கேபிளின் செம்பு கறுத்திருக்கும் அளவைப் பார்த்தால் இது பல ஆண்டுப் பழுது. எத்தனை ஆண்டு என்று சொல்ல என்னிடம் அளவு இல்லை. ஏனென்றால் பத்து ஆண்டுகளாக நான் ரேடியோவை மேசையில் வைத்துத்தான் அளந்தேன், படகில் அளக்கவில்லை." கையெழுத்திட்டு, வெட்டிய கேபிள் துண்டை ஓர் உறையில் போட்டு இணைத்தார். சூப்பிரண்டு இந்தமுறை ஒரு தடவைதான் படித்தார். உங்கள் இஷ்டம் என்றார். பிறகு, மேலிடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றார்.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அடுத்த வாரம் வந்தார். கேபிள் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, படகோட்டிகளையும் ரீடிங்கையும் அழைத்துப் பேசினார். பழைய ஆபரேட்டரையும் வரச் சொல்லியிருந்தார். மைத்துனர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, ரீடிங் இருந்த பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார். இந்த நான்கு படகுகளும் உங்களுக்குக் கேட்டனவா என்று அதிகாரி கேட்டார்.

"கேட்டுச்சு சார். எல்லாமே கேட்டுச்சு."

இரண்டு வாட்டில் எப்படிக் கேட்கும் என்று அதிகாரி கேட்டார். அது எனக்குத் தெரியாது, எனக்குக் கேட்டது என்றார் மைத்துனர். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அதிகாரி ரீடிங்கின் பக்கம் திரும்பினார். மைத்துனர் தம் வீட்டில் வைத்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ரீடிங்குக்கு நினைவிருந்தது.

"கேபிளைத்தான் சார் நான் அளந்தேன். அவர் காதுக்கு என்கிட்ட மீட்டர் இல்ல."

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் நம்பர் படகோட்டி மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், பனி நாட்களில் பேசாமல் இரண்டு தடவை அழுத்தச் சொல்வாரே, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

மாதக் கடைசிக்குள் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஆபரேட்டரின் வேலை நிரந்தரமானது. ரீடிங்கின் பணிக் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. இனி படகிலேயே, கம்பத்தடியில் அளக்க வேண்டும் என்பது அதன் கடைசி வரி. சூப்பிரண்டின் கையெழுத்தைப் பற்றி உத்தரவு எதுவும் சொல்லவில்லை. மைத்துனர் தங்கையைப் பார்க்க வந்துபோனார். மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். இது எத்தனை நாள் நீடிக்கும் என்று மனைவி கேட்டபோது, ரீடிங் முதல் முறையாக ஓர் ஊகம் சொன்னார்: நாலு மாதம். ஐந்தரை ஆயிற்று.

கேபிள்களை மாற்றிய பிறகு வந்த முதல் மாதத்தில் பதிவேட்டில் இரண்டு "கேட்கவில்லை" இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ரீடிங் மீட்டரோடு அந்தந்தப் படகுக்குப் போனார். முதலாவதில், படகோட்டி மைக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அதன் முதுகோடு பேசியிருந்தார். இரண்டாவதில் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேசையில் இருபத்தைந்து, கம்பத்தடியில் இருபத்தொன்று. மாடிக்குப் போய் அதைச் சொன்னார்.

ஆபரேட்டர் பதிவேட்டில் அந்த நேரத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து, "கேட்கவில்லை" என்பதன் பக்கத்தில் "தண்ணீர் குடிக்க எழுந்திருந்தேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.